பலகை போடாத தளம்

என் வேலை கட்டை உடைப்பது. விறகுக்கட்டை இல்லை, கான்கிரீட் கட்டை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரெடிமிக்ஸ் பிளான்ட்டில், தரக்கட்டுப்பாடு என்று போர்டு மாட்டிய தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன். லாரியில் போகும் கலவையில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் போட்டு, மறுநாள் அச்சைப் பிரித்து, தொட்டித் தண்ணீரில் ஊற வைப்போம். ஏழாம் நாள் சில கட்டைகள், இருபத்தெட்டாம் நாள் சில கட்டைகள். மிஷினில் வைத்து அழுத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் டப்பென்று விட்டுவிடும். எந்த எண்ணில் விட்டது என்று எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பதினான்கு வருடமாக இதைச் செய்கிறேன். ஆரம்பத்தில் அந்தச் சத்தத்துக்குக் கண்ணைச் சிமிட்டுவேன். அது நின்று பல வருடம் ஆகிறது.

குடியிருப்பது செவ்வாப்பேட்டையில். காலையில் ரயில் பிடித்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாற வேண்டும். ஒரு சுற்று சுற்றித்தான் வேலைக்குப் போகிறேன். நேராக ரோட்டில் போனால் இவ்வளவு தூரமில்லை, ஆனால் பைக்கில் அந்த கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய்வர எனக்கு இனிமேல் தெம்பில்லை.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் தேர்வாய் கண்டிகை போகிற வழியில் இருக்கிறது. மாமாவுக்கு அங்கே நெல் போடும் நிலம். எங்கள் வீட்டில் எல்லோரும் உயரம், அக்கா ஒருத்திதான் குள்ளம். நான் ஆறடி. சின்ன வயதில் அவளை அரைப்படி என்று கூப்பிட்டு, அதற்காகத் துடைப்பத்தால் அடி வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு ஆடியிலும் அவர்கள் தெருவில் அம்மன் கரகம் வரும். பம்பை அடித்துக்கொண்டு வருவார்கள். ஊரே தெருவில் நிற்கும். அக்கா எல்லோருக்கும் பின்னால் நிற்பாள். "மத்தவங்க முதுகைத்தான்டா இருவது வருஷமா சாமின்னு கும்பிட்டுக்கினு இருக்கேன்" என்று அவள் ஒருமுறை சொன்னபோது நான் சிரித்தேன்.

அதனால் போன கோடையில் ஓட்டுக்கூரையைப் பிரித்துத் தளம் போட்டு மாடி கட்டுவது என்று முடிவானதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாமா நெல் மூட்டை வைக்க ஒரு அறை கேட்டார், மருமகன் வந்தால் தங்க ஒரு அறை கேட்டார். அக்கா தெருப்பக்கம் ஒரு பால்கனி கேட்டாள். நாற்காலி போட்டு உட்காருகிற அகலத்துக்கு. "கரகம் வரும்போது மேல நின்னு பார்க்கணும்டா. எங்க தெருப் பொம்பளைங்க எல்லாரையும் மேல வரச் சொல்லிட்டேன்." ஒரு செங்கல்கூட வந்திறங்காத காலத்திலேயே அழைத்தாகிவிட்டது.

பிளான் நான்தான் போட்டேன். அடியில் தூண் இல்லாமல் சுவரிலிருந்து நாலரை அடி நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. எல்லோரும் போடுவதுதான்.

கட்டிய மேஸ்திரி பக்கத்து ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் பையில் பச்சைக் கோடு அடிக்கும் லேசர் கருவியும் இருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூபும் இருக்கும். லேசரில் மட்டம் பார்த்துவிட்டு, டியூபைப் பிடித்து இன்னொரு முறை பார்ப்பார். "ரெண்டுல எதை நம்புவீங்க மேஸ்திரி?" என்று கிண்டலாகக் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணாச் சொன்னா நம்புவேன் சார்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. படித்தவன் கேட்ட கேள்விக்குப் படிக்காதவர் நன்றாகப் பதில் சொன்னால் பிடிக்காமல் போகிற ஒரு புத்தி எனக்கு உண்டு. இப்போது சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை.

தளம் போட ரெடிமிக்ஸும் பம்பும் என்று நான் சொன்னதற்கு அவர் மறுப்பே சொல்லவில்லை. "நல்லதுதான் சார். பாண்டு தூக்க ஆளு கெடைக்கல, ஒரே பேஜாரு" என்றார். அவர் கேட்டது ஒன்றுதான். கம்பிக்கு மேலே பலகை போட வேண்டும்.

வழக்கமாக மிஷினில் கலவை போட்டு, ஆட்கள் பாண்டுகளில் தலையில் சுமந்து போய்க் கொட்டும்போது, அவர்கள் கம்பியில் கால் வைக்காமல் நடக்க, செங்கல் வைத்து அதன்மேல் பலகை பரப்புவார்கள். ஒருவர் கையில் கொக்கியோடு பின்னாலேயே வருவார். எங்காவது கம்பி அமுங்கினால் இழுத்துத் தூக்கிவிடுவார். நூறு தளங்களில் பார்த்திருக்கிறேன்.

"பாண்டு தூக்கினு யாரும் நடக்கப் போறதில்ல மேஸ்திரி. குழாயில வருது. எதுக்குப் பலகை?" என்றேன்.

"பைப்ப புடிக்கறவன் நிப்பான் இல்ல சார்."

"ரெண்டு ஆளு நிக்கறதுக்கு ரெண்டு நாள் பலகை அடிக்கணுமா?"

அவர் கம்பி கட்டப் போய்விட்டார். அன்றைக்கு பீம் ஓரத்தில் சென்ட்ரிங் அடைப்பு ஓட்டையாக இருந்தது, கலவை ஒழுகிவிடும். மூலையில் அடுக்கி வைத்திருந்த பலகைகளை வெட்டி அந்த ஓட்டைகளை அடைக்கச் சொன்னேன். வெட்டினார்கள்.

தளம் போட்ட அன்று காலையில் கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நறுக்கி, குங்குமம் தடவி நாலு மூலையிலும் வைத்தார்கள். முதல் கலவையை வீட்டுக்காரம்மா கையால் போட வேண்டும் என்பது அங்கே முறை. பம்ப் ஓட்டுபவரை நிறுத்தி வைத்து, லாரி வாயிலிருந்து ஒரு பாண்டு கலவை பிடித்து, அக்கா அதைச் சுமந்து ஏணியேறிப் போய் ஈசானிய மூலையில் கொட்டினாள். அரைப்படி பாண்டைத் தூக்கிக்கொண்டு ஏறினதை மாமா செல்போனில் வீடியோ எடுத்தார். அந்த வீடியோ இன்னும் அவர் போனில் இருக்கிறது. நான் பார்த்ததில்லை.

நான் தெருவில் லாரியடியில் நின்று கலவையின் பதம் சோதித்துக்கொண்டிருந்தேன். இரும்புக் கூம்பில் நிரப்பி, கூம்பைத் தூக்கினால் கலவை எவ்வளவு சரிகிறது என்று அளப்பது. சரியான பதம். ஆறு கட்டைக்கு அச்சில் எடுத்து வைத்தேன். அதற்கப்புறம் மேலே போனேன்.

குழாயைப் பிடித்திருந்தவர்கள் பால்கனிப் பக்கம் வந்துவிட்டிருந்தார்கள். குழாய் சாமானிய கனமில்லை, உதைத்துக்கொண்டே இருக்கும். காலை ஊன்றித்தான் பிடிக்க முடியும். எங்கே ஊன்றுவார்கள், கம்பிமேல்தான். ரப்பர் பூட்ஸ். கம்பி அமுங்கியது, திரும்ப எழவில்லை. அதைத் தாங்க வைத்திருந்த சின்ன வளைகம்பிகள் சாய்ந்து படுத்திருந்தன. அதன்மேல் சாம்பல் நிறக் குழம்பு ஏறியது.

அதை நான் பார்த்தேன். இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான். தெரியாமல் நடந்தது இல்லை, கவனிக்காமல் விட்டதும் இல்லை. பார்த்தேன். கொக்கி கொண்டு வரச் சொல்லித் தூக்கிவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த நேரம் போன் வந்தது. இரண்டாவது லாரி ஓட்டுபவர் வழி கேட்டார். போனோடு ஏணியோரம் போய், எந்தக் கோயிலண்டை திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தபோது பால்கனியில் மட்டப்பலகை ஓடி முடிந்திருந்தது. வழவழவென்று இருந்தது.

ஒன்றேகால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. "மச்சான், பொழுது சாயற வரைக்கும் ஆவும்னு நெனச்சேன். நாஷ்டாவுக்கும் சோத்துக்கும் நடுவுல முடிச்சிட்டியே" என்று மாமா என் தோளில் தட்டினார். பிரியாணி போட்டார்கள். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். அக்கா காலையும் சாயங்காலமும் ஏறிப் பார்த்து, வற்றின இடத்தில் ஊற்றினாள். இருபத்தெட்டாம் நாள் என் கொட்டகையில் அந்தக் கட்டைகளை உடைத்தேன். கேட்டதைவிட நல்ல எண்ணில் விட்டது. அக்காவுக்கு போன் போட்டேன். "பாஸ் ஆயிடுச்சுக்கா."

"நானா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

மறுவாரம் மேஸ்திரி போன் பண்ணினார். மாடிச் சுவர் எழுப்பி, உள்ளே தளத்தைத் தாங்கிய முட்டுக்கம்புகளைப் பிரித்தாகிவிட்டது, கடைசியாகப் பால்கனிக்கு அடியில் உள்ள முட்டுக்கம்பைக் கொஞ்சம் தளர்த்தினாராம். "முன்னாடி எறங்குது சார். மறுபடியும் ஏத்தி இறுக்கிட்டேன். நீங்க வந்து பாருங்க."

போனேன். பிளான்ட்டிலிருந்து இரண்டு கருவி எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று கான்கிரீட்டைத் தட்டி வலு பார்க்கும் சுத்தியல், இன்னொன்று உள்ளே கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் மீட்டர். பால்கனியின் மேலே, சுவர் ஓரமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மயிரிழை மாதிரி ஒரு விரிசல். சுத்தியல் நல்ல எண் காட்டியது. மீட்டரைத் தேய்த்தேன். ஐந்து அங்குல கனத் தளத்தில் மேலிருந்து ஒரு அங்குலத்தில் இருக்க வேண்டிய கம்பி, நாலு அங்குலத்துக்கும் கீழே கிடந்தது.

கையை நீட்டித் தண்ணீர் வாளியைப் பிடித்தால் தோளுக்கு மேல்பக்கம்தான் இழுக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியும் அப்படித்தான், மேல்பக்கம் கம்பி இருந்தால்தான் தாங்கும். கீழே போய்விட்டால் கம்பி இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். கான்கிரீட்மேல் ஒரு குற்றமும் இல்லை. மாவட்டத்திலேயே நல்ல கான்கிரீட்டாகக்கூட இருக்கலாம்.

"இன்னா மச்சான் ஆச்சு?" என்று மாமா கேட்டார்.

"கம்பி கீழ இருக்குது மாமா" என்றேன்.

அவர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். "கம்பி கட்ன லட்சணமாய்யா இது? என் ஊட்டு மேலயா உன் வேலையக் காட்டுவ? இனிமே இந்தப் பக்கம் வராத" என்று கத்தினார். இன்னும் என்னென்னவோ சொன்னார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. பிறகு குனிந்து டியூபைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, "முட்டுக்கம்ப எடுக்காதீங்கண்ணா" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் நின்றிருந்தேன்.

வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். பொய். அப்போது எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அஞ்சு நாற்பது வண்டியைப் பிடிக்க முடியுமா என்று யோசித்தேன். பிடித்தேன். உட்கார இடம்கூடக் கிடைத்தது.

நாலு நாள் வேலைக்குப் போனேன். கட்டை எடுத்தேன், வைத்தேன், உடைத்தேன், எழுதினேன். வீட்டில் மனைவி ஏதோ கேட்டாள், பதில் சொன்னேன், என்ன கேட்டாள் என்று கேட்டால் தெரியாது. ஒரு எண் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. தெருப் பெண்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். ஆடிக்கு மூன்று வாரம் இருந்தது. முட்டு இருக்கிற வரைக்கும் விழாது. ஆனால் முட்டு தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, கரகம் வருவதற்குள் யாராவது பிடுங்கிவிடுவார்கள்.

மூன்றாம் நாள் புத்திசாலித்தனமாக ஒன்று தோன்றியது. அக்காவுக்கு போன் போட்டு, முன்னால் இரண்டு தூண் வைத்தால் வீட்டுக்கு எடுப்பாக இருக்கும் என்றேன்.

"எடுப்பாவா? ஒரு தூணு வாசக்காலுக்கு நேரா வருமேடா. வாசலுக்கு எதுர தூணு வெப்பாங்களா? உங்க மாமா உசுரோட இருக்கறது புடிக்கலயா உனக்கு? அப்புறம் டிராக்டரு எப்டித் திரும்பும்?"

தூண் பேச்சை விட்டேன்.

"மேஸ்திரி சம்சாரத்த ரேஷன் கடையில பார்த்தேன்" என்றாள் அவள். "மூஞ்ச திருப்பிக்கினு போவுது. அந்தாளுக்கு வரவேண்டிய இன்னொரு ஊட்டு வேலையும் நின்னுபோச்சாம். உங்க மாமா வாய் சும்மா இருக்குமா."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாமா பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, என் கொட்டகையில் எண் படிப்பது போலவே ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னேன். மேஸ்திரி பலகை கேட்டார், நான் வேண்டாம் என்றேன். கம்பி அமுங்கினதை என் கண்ணால் பார்த்தேன், போன் வந்தது, போய்விட்டேன். அவர்மேல் தப்பில்லை. பால்கனியை இடிக்க வேண்டும்.

மாமா கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். பைக்கை எடுத்துக்கொண்டு போனார். மேஸ்திரி வீட்டுக்குத்தான் போனார் என்று பிறகு தெரிந்தது.

அக்கா முறத்தைக் கீழே வைக்கவில்லை. புடைத்துக்கொண்டே பேசினாள்.

"மோர் குடுக்க நான் மேல வந்தேன்டா அன்னிக்கு. அந்தாளு காலுக்கு அடியில கம்பி போறத நானும் பார்த்தேன். இன்னாடா இது, கம்பி முங்குதேன்னு கேக்க வந்தேன். நீ அங்கியே நின்னு பார்த்துக்கினு இருந்த. இன்ஜினியரே பார்க்கறான், அது அப்டித்தான் போல இருக்குதுன்னு எறங்கி வந்துட்டேன்."

அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாளாக மரத்துக் கிடந்தது எங்கோ ஓரிடத்தில் மட்டும் வலித்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான்.

இடிக்க மேஸ்திரியே வந்தார். எப்படிக் கூப்பிட்டார்கள், என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் மன்னிப்பு கேட்டேன். "நானும் இன்னொரு தபா கேட்டிருக்கணும் சார். சிரிப்பீங்கன்னு உட்டுட்டேன்" என்றார். முட்டுகளை ஒன்றுக்கு இரண்டாக இறுக்கி, தெருவில் கயிறு கட்டி ஆள் வராமல் தடுத்து, உள்பக்கமிருந்து உடைக்க ஆரம்பித்தார்கள். உடைக்கும் மிஷினைப் பிடித்திருந்தவர் ஆந்திரா பக்கத்து ஆள். ஒரு நாள் வேலை இரண்டு நாள் இழுத்தது. "இன்னா நைனா, யாரு போட்டது இத? உடையவே மாட்டேங்குது" என்று என்னிடம் சலித்துக்கொண்டார்.

"நான்தான்" என்றேன்.

கீழ்ப்பக்கத்துக் கம்பி வெளியே வந்தது. எல்லாம் அங்கேதான் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

பீம் நீட்டிப் பால்கனியைத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். "இருக்கட்டும் மச்சான்" என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. இனிமேல் அந்தப் பேச்சு வேண்டாம் என்கிற மாதிரி சொன்னார். மாடியில் பால்கனிக்கு என்று வைத்த கதவு அப்படியே இருந்தது. திறந்தால் கீழே தெரு. பேரப்பிள்ளைகள் வருகிற வீடு என்று அக்கா அதன் குறுக்கே இரண்டு பலகை வைத்து அவளே ஆணி அடித்தாள். பீம் ஓரத்துக்கு நான் வெட்டச் சொன்ன துண்டுகள். ஓரத்தில் கலவை காய்ந்து ஒட்டியிருந்தது.

ஆடியில் கரகம் வந்தது. என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன். அக்கா போன் பண்ணினாள், "கூழு ஊத்தறோம், வந்து குடிச்சிட்டுப் போ" என்றாள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன்.

மத்தியானம் தாண்டித் தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்து, வேப்பிலை கட்டி, ஊரே நின்றது. மாடி ஏறிப் பார்ப்பதற்கு வரச் சொன்ன பெண்கள் எல்லோரும் தெருவிலேயே நின்றார்கள். யாரும் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்காகத்தான் பார்க்கவில்லை என்று தோன்றியது. மேஸ்திரி எதிர்ப்பக்கம் தன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அக்கா வழக்கமான இடத்தில் நின்றாள், எல்லோருக்கும் பின்னால், சுவரோரமாக. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். பம்பைச் சத்தம் கிட்டே வந்தது. அவள் குதிகாலை உயர்த்திப் பார்த்தாள், பிறகு இறக்கிக்கொண்டாள்.

"இன்னாடா தெரியுது?" என்றாள்.

"முனையில திரும்புதுக்கா."

"அப்புறம்?"

"பம்பைக்காரங்க நின்னுட்டாங்க. உங்க ஓரகத்தி மஞ்சத் தண்ணி ஊத்தறாங்க."

"கரகத்துல பூவு இன்னா கலருடா?"

"மஞ்சள். நடுவுல செவப்பு. உச்சியில எலுமிச்சம்பழம் இருக்குது. ஒரு பக்கம் கொஞ்சம் சாயுது. இப்ப நிமிர்த்திட்டாங்க."

"அப்புறம்?"

பார்த்ததை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். அக்கா முன்னால் நின்றவர்களின் முதுகைப் பார்த்துக் கைகூப்பினாள்.